புய்க் ஒபேரும் பெயரில்லாத ஆட்டமும்

சிறுபத்திரிகையில் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கிற நண்பர்கள் உண்டு. இதே நண்பர்கள், காம்யு அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக நின்றவர் என்று சொல்லிச் சிலாகிப்பார்கள். அங்கே அவர்களுக்கு வேண்டியது காம்யுதான், கோல் அல்ல. எழுத்தாளனாக ஆகாமல், தத்துவம் எதுவும் பேசாமல், வெறும் விளையாட்டுக்காரனாகவே இருந்து செத்துப்போன ஒருவனுடைய வாழ்க்கையைச் சரித்திரத்தின் சாட்சியமாக எடுத்துப் படிக்கும் பழக்கம் நமக்கு இல்லை. ராபேர் புய்க் ஒபேர் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றி எழுத நான் உத்தேசித்தது இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக அல்ல. அவர் ஆடிய ஆட்டத்தை ஓர் அரசாங்கம் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டுக் கலைத்தது. அந்த அரசாங்கம் ஒழிந்த பிறகும் ஆட்டத்துக்கு அதன் பெயர் நிலைக்கவில்லை. பெயரில்லாத அந்த ஆட்டத்தில் அவர் உலகத்திலேயே சிறந்தவர்களில் ஒருவராக இருந்தார். இந்த மூன்றும் ஒருசேர எப்படிச் சாத்தியமாயின என்பதுதான் என் கேள்வி.

கேள்வி எனக்குத் தொடங்கிய இடம் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டைச் சூளைகளுக்குப் பின்னால் ஒரு பொட்டலில் சாயங்காலங்களில் சடுகுடு நடக்கும். காலில் பீங்கான் சில்லு ஏறாமல் இருக்க, முதலில் எல்லோருமாகக் குனிந்து பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கோடு கிழிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாடிப் போவதில் கெட்டிக்காரன் ஒருவன், மின்சார ஃப்யூஸுக்கான கிட்காட் செய்யும் பட்டறையில் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தான். பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ பந்தயம் என்றால் அவனுக்கு இரண்டு நாள் கூலி போகும். ஜெயித்தால் குழுவுக்கு ஓர் எவர்சில்வர் குடம். போன கூலியை வசூல் பணத்திலிருந்து அவனுக்குக் கொடுத்துவிடலாமே என்று யாரோ சொன்னபோது, பந்தயம் நடத்துகிறவர்களில் ஒரு பெரியவர், நிலபுலன் உள்ளவர், 'காசு கைமாறினா ஆட்டத்தோட சுத்தம் போயிடும் தம்பி' என்றார். எனக்கு அன்று அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. இங்கிலாந்தின் வடக்கே ஆலை ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதே விவகாரம், ஏறக்குறைய இதே வாதத்தோடு நடந்திருக்கிறது என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்.

ரக்பி என்பது இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பையன்கள் படித்த பள்ளிக்கூடங்களில் பிறந்த ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிராளிகளின் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். அவர்கள் பாய்ந்து, கட்டிப்பிடித்து, கீழே தள்ளுவார்கள். இந்த ஆட்டம் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் ஆலைத் தொழிலாளிகளிடமும் சுரங்கத் தொழிலாளிகளிடமும் போய்ச் சேர்ந்தபோது ஒரு சங்கடம் முளைத்தது. ஆட வருகிறவனுக்கு அன்றைய கூலி இல்லை. அதை ஈடுகட்டக் கிளப்புகள் அனுமதி கேட்டன. சம்பளம் கேட்கவில்லை, இழந்த கூலியை மட்டும் கேட்டார்கள். லண்டன் கனவான்கள் மறுத்தார்கள். ஆட்டத்தின் சுத்தம் கெட்டுவிடும் என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனியே பிரிந்தன. இழந்த வேலைநாளுக்கு ஆறு ஷில்லிங் என்று தொடங்கிய பிரிவு அது. பிறகு விதிகளும் மாறின. 1906ல் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்பது பதின்மூன்று பேராயிற்று. பிடிபட்டு விழுந்தவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். ஆள்மேல் ஆளாகக் குவிந்து கிடப்பது குறைந்தது, ஓட்டம் கூடியது. பணம் கொடுத்துப் பார்க்க வருகிறவனுக்குப் பார்க்கச் சுவாரஸ்யமாக இருக்க வேண்டும் என்பதும் இந்த மாறுதல்களின் நோக்கம். அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை.

அமெச்சூர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒன்றை நேசிப்பவன் என்று பொருள். நேசிப்பதற்கு நேரமும் சொத்தும் தேவை என்பது சொல்லில் இல்லை, அதன் உபயோகத்தில் இருந்தது.

பிரான்சுக்குள் ரக்பி நுழைந்ததும் மேட்டுக்குடிக் கதவு வழியாகத்தான். 1892ல் பாரிஸில் நடந்த முதல் பிரெஞ்சு சாம்பியன்ஷிப் பந்தயத்துக்கு நடுவராக நின்றவர் பியேர் த குபெர்தேன், பின்னாளில் ஒலிம்பிக்ஸை உயிர்ப்பித்த பிரபு. ஆனால் ஆட்டம் வேர் பிடித்தது தெற்கே. தூலூஸ், பெர்ப்பிஞான், நார்பொன், கார்க்கஸோன் என்று திராட்சைத் தோட்டங்களும் சிறு தொழில்களும் உள்ள ஊர்களில், ஊருக்கு ஊர் ஜென்மப் பகை மாதிரி அது வளர்ந்தது. கியான் என்ற சின்ன ஊரில் ழான் பூரேல் என்ற தொப்பி முதலாளி, தன் தொப்பிகளுக்கு விளம்பரமாகட்டும் என்று பெர்ப்பிஞான் ஆட்டக்காரர்களை வளைத்துப் போட்டு ஓர் அணி கட்டினார். 1929ல் அந்த அணி பிரான்சு சாம்பியன் ஆயிற்று. ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சாலையில் வேலை, சிலருக்குக் கடை. சம்பளம் என்று மட்டும் அதைச் சொல்லக்கூடாது. களத்தில் அடிதடி பெருகியது. அடிபட்டுச் செத்துப்போன இளைஞர்களும் உண்டு. இதையும் மறைமுகப் பணப் பட்டுவாடாவையும் காரணம் காட்டி 1931ல் பிரிட்டிஷ் நாடுகள் பிரான்சோடு ஆட மறுத்து ஒதுக்கிவைத்தன.

இந்தச் சமயத்தில்தான் ழான் கலியா வருகிறார். 1905ல் காத்தலான் பகுதியில் இல்-சுர்-தெத் என்ற ஊரில் பிறந்தவர், குத்துச்சண்டைக்காரர், ரக்பியில் பிரான்சுக்காகப் பலமுறை ஆடியவர். பணம் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டில் அவரைச் சங்கம் விலக்கியது. எல்லோரும் செய்துகொண்டிருந்ததைச் செய்ததற்காக ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பது ஸ்தாபனங்களின் பழைய வழக்கம். அவர் செய்த பதில்தான் வழக்கத்துக்கு மாறானது. மன்னிப்புக் கேட்காமல், 1934ல் ஒரு சிறு அணியைச் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்தின் வடக்கே போய்ப் பதின்மூன்று பேர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினார். அதே ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சு ரக்பி லீக் உதயமாயிற்று. ஐந்தே வருஷத்தில் தெற்கே ஊருக்கு ஊர் பரவியது. பதினைந்து பேர் ரக்பிக் கிளப்புகள் கலைந்துகொண்டிருந்தன, அல்லது மொத்தமாகக் கட்சி மாறின. 1939ல் பிரெஞ்சுப் பதின்மூவர் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்றார்கள்.

அடுத்த வருஷம் பிரான்சு விழுந்தது.

விஷி அரசாங்கத்தைப் பற்றி நாம் படிக்கும்போது யூதர்களுக்கு எதிரான சட்டங்களைப் பற்றிப் படிக்கிறோம். அது சரியானதே. அந்தக் குற்றங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டத்தைத் தடைசெய்ததை வைப்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனாலும் அரசாங்கத்தின் மனோபாவம் சில சமயம் அற்ப விஷயத்தில்தான் அப்பட்டமாகத் தெரியும். தோல்விக்குக் காரணம் ஒழுக்கச் சீர்கேடு என்று மார்ஷல் பெத்தேனின் ஆட்கள் நம்பினார்கள். வேலை, குடும்பம், தாய்நாடு என்ற மூன்று சொற்களை நாணயத்தில் பொறித்தார்கள். இளைஞர் உடம்பு தேசத்துக்குச் சொந்தம். விளையாட்டு, அந்த உடம்பைச் சுத்தமாகத் திருத்தித் தருகிற பட்டறை. சுயலாபம் கருதாமல், கட்டுப்பாட்டோடும் விசுவாசத்தோடும் ஆடுவேன் என்று ஆட்டக்காரர்களைக் கூட்டமாகக் கை நீட்டிச் சபதம் எடுக்கவைத்தார்கள். விளையாட்டுத் துறைக்குத் தலைமை ஏற்றவர் ழான் பொரோத்ரா. 1924லும் 1926லும் விம்பிள்டன் பட்டம் வென்றவர், கச்சிதமான அமெச்சூர். 1940ன் கோடையிலேயே, பதின்மூன்று பேர் ரக்பியின் ஆயுள் முடிந்தது என்று அமைச்சர் இபார்னேகரே அறிவித்துவிட்டார். பதினைந்து பேர் ரக்பியின் பெரிய மனிதர்கள் கண்ணீர் விடவில்லை. இரண்டு ரக்பியையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர்களில் பால் வொவனெல் என்ற மருத்துவரும் இருந்தார். புத்தகங்கள் எழுதியவர். எழுத்தாளர்கள் இந்த மாதிரி இடங்களில் தவறாமல் இருக்கிறார்கள்.

1941 டிசம்பர் 19 தேதியிட்ட உத்தரவில் பெத்தேன் கையெழுத்திட்டார். பிரெஞ்சு ரக்பி லீக் என்ற சங்கம் கலைக்கப்படுகிறது. அதன் சொத்து முழுவதும் தேசிய விளையாட்டுக் குழுவுக்கு மாற்றப்படுகிறது. உத்தரவின் சாரம் அவ்வளவுதான். கால்பந்து, சைக்கிள், குத்துச்சண்டை ஆகியவற்றிலும் காசு புழங்கியது. அவற்றுக்குச் சீர்திருந்த அவகாசம் தரப்பட்டது. ஆட்டத்தையே கலைத்து ஆஸ்தியைப் பிடுங்கிக்கொண்ட கதி இதற்குத்தான். காரணம் எளிது. இதன் பங்காளி அதிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

இங்கே ஒரு கிளைக்குறிப்பு. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பொழுதுக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய புதுச்சேரியும் அப்போது பிரான்சுதான். ஆனால் 1940 செப்டம்பரிலேயே அங்கே கவர்னராக இருந்த லூயி பொன்வேன், தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேறு வழியும் அவருக்கு அதிகமில்லை. ஆக, கார்க்கஸோனில் ஆடக்கூடாத ஆட்டத்தைச் சட்டப்படி புதுச்சேரிக் கடற்கரையில் ஆடியிருக்கலாம். புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு ஆட்டம் இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்க். தெற்குப் பிரான்சில் மர நிழலில் கிழவர்கள் ஆடுகிற அதே ஆட்டம்.

உத்தரவு வந்தபோது புய்க் ஒபேருக்கு வயது பதினாறு. 1925 மார்ச் 24 அன்று ஜெர்மனியில், ரைன் நதிக்கரை ஊரான ஆன்டர்னாக்கில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் ரைன்லாந்தில் நேச நாட்டுப் படைகள் உட்கார்ந்திருந்த காலம் அது. குடும்பம் காத்தலான். பையன் பெர்ப்பிஞானில் பதினைந்து பேர் ரக்பி ஆடினான். அன்று சட்டப்படி ஆட முடிந்த ரக்பி அது ஒன்றுதான். 1944ல் தெற்குப் பிரான்சு விடுபட்டதும் பதின்மூன்று பேர் ஆட்டம் ஒளிவிடத்திலிருந்து வெளியே வந்தது. பத்தொன்பது வயதில் அவன் கார்க்கஸோன் அணியில் சேர்ந்தான். 1945லும் 1946லும் கார்க்கஸோன் பிரான்சு சாம்பியன். 1946 முதல் 1956 வரை பிரான்சு அணிக்காக நாற்பத்தாறு பந்தயங்கள். இனி மரியாதைப் பன்மையில் எழுதுகிறேன்.

அவருடைய இடம் ஃபுல்பேக். எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பவர். முன்னால் உள்ள பன்னிரண்டு பேரையும் மீறி எவன் வந்தாலும் தடுக்க வேண்டியவர். இந்த இடத்துக்கு வாட்டசாட்டமான, அஞ்சாத ஆள் வேண்டும் என்பார்கள். புய்க் ஒபேர் குள்ளம். உடம்பும் சதைப்பற்றானது. பயிற்சி என்றால் கசப்பு. ஓயாமல் சிகரெட். அதனால்தான் அவருக்குப் 'பிப்பெத்' என்ற பட்டப்பெயர். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, வேலிக்கு அப்பாலிருந்த ரசிகர்களிடம் ஒரு இழுப்பு வாங்கி இழுப்பார் என்பார்கள். எதிராளியைப் பாய்ந்து பிடிக்கிற வேலை தனக்கு இல்லை, அவனை உள்ளே விட்டது முன்வரிசைக்காரர்களின் குற்றம் என்று கடிந்துகொள்வார் என்றும் சொல்வார்கள். இவற்றில் எத்தனை நிஜம், எத்தனை கார்க்கஸோன் சாராயக் கடைகளில் வளர்ந்தவை என்று பிரிப்பது சிரமம். ஆனால் அவர் காலால் செய்தது கதையல்ல. எந்தக் கோணத்திலிருந்தும், எவ்வளவு தூரத்திலிருந்தும் பந்தை அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்புவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையில் தட்டி எழுகிற கணத்தில் உதைத்து அனுப்புவார். அவசரம் என்பதே அந்த உடம்பில் இல்லை.

விஷிக்காரர்கள் செய்ய விரும்பிய பிரெஞ்சு உடம்பை ஒரு நிமிஷம் கற்பனை செய்துகொள்ளுங்கள். மெலிந்து, முறுக்கேறி, கை நீட்டிச் சபதம் செய்கிற உடம்பு. அவர்கள் ஆண்ட காலத்தில் வாலிபனாகி, அவர்கள் தடுத்த ஆட்டத்துக்குள் போய், அந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரராக எழுந்தவர் தொந்தி வைத்த புகைபிடிப்பாளர். இதை அவருடைய எதிர்ப்பு என்று நான் சொல்ல வரவில்லை. புய்க் ஒபேர் யாரையும் எதிர்த்ததாகத் தெரியவில்லை. பெரிய அர்த்தங்களை அவர் தலையில் ஏற்றினால் அவரே சிரிப்பார். ஆனால் உடம்பைத் தேசத்தின் சொத்தாக எண்ணிப் போட்ட திட்டங்கள் எதிலும் இப்படிப்பட்ட ஒரு மனிதனுக்கு இடமில்லை என்பதும், எந்தத் திட்டத்திலும் இல்லாத இந்த மனிதனைப் பார்க்கத்தான் ஜனங்கள் கூடினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியவை.

1951ல் அவர் தலைமையில் பிரெஞ்சு அணி ஆஸ்திரேலியா போயிற்று. இந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியா அன்று பிரிட்டனையே தோற்கடித்திருந்த நாடு. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குமுன் அந்தக் கண்டத்துக்கு ஆடப் போனதே இல்லை. ஜூன் 11 அன்று சிட்னியில் அறுபதாயிரம் பேருக்கு முன்னால் முதல் டெஸ்ட். பிரான்சு 26, ஆஸ்திரேலியா 15. இரண்டாவது டெஸ்ட் பிரிஸ்பேனில். அதில் ஆஸ்திரேலியா 23க்கு 11 என்று பதில் சொல்லிற்று. மூன்றாவது மறுபடியும் சிட்னி. பிரான்சு 35, ஆஸ்திரேலியா 14. தொடர் பிரான்சுக்கு. அன்றைய கணக்கில் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினால் மூன்று புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இரண்டு. மூன்று டெஸ்டிலும் சேர்த்துப் புய்க் ஒபேர் உதைத்து அனுப்பியவை பதினெட்டு. ஏழு, நாலு, ஏழு. அந்தச் சுற்றுப்பயணம் முழுவதிலும் அவர் கணக்கில் சேர்ந்த புள்ளிகள் இருநூறுக்கும் மேல்.

எண்களை மட்டும் சொன்னால் அநியாயம். போன்ஸினே, ப்ரூஸ் என்ற இரண்டு முரட்டு முன்வரிசைக்காரர்கள் இடித்துத் திறந்த வழியில், பந்து கைக்குக் கை மாறி, இன்னார் கையில் இருக்கிறது என்று எதிராளி நிச்சயிப்பதற்குள் வேறெங்கோ போய்விடும். சிட்னிக்காரர்கள் தங்கள் அணி தோற்பதை எழுந்து நின்று ரசித்தார்கள். அவர்கள் அறிந்த ஆட்டம் ஒழுங்கான, கணக்கான, ஆலைச்சங்குக்குக் கட்டுப்பட்ட ஆட்டம். இது சந்தைக்கூட்டத்தில் நழுவிப் போகிறவனுடைய லாகவம். சடுகுடுவில் பாடிப் போகிறவனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஏழு பேர் கை கோத்து வளைக்கும்போது, பலசாலி தப்புவதில்லை. எந்தப் பக்கம் போவான் என்று தன் உடம்புக்கே கடைசிவரை சொல்லாதவன் தப்புகிறான்.

அவர்கள் திரும்பி வந்தபோது மார்செய் நகரின் பெரிய வீதி கொள்ளாமல் கூட்டம். அந்தக் கூட்டம் வாழ்த்தியது எந்த ஆட்டத்தின் வீரர்களை? ஆவணத்தில் அது ரக்பி இல்லை. பதினைந்து பேர் ரக்பிச் சங்கத்தின் நிர்ப்பந்தத்தில், 1940களின் கடைசியிலேயே இவர்கள் தங்கள் பெயரிலிருந்து ரக்பி என்ற சொல்லைக் கழற்றிவைக்க வேண்டியதாயிற்று. 'பதின்மூன்று ஆட்டம்' என்றுதான் அழைத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுத் துரத்திப் பின் திரும்ப வர அனுமதித்து, இனி இனிஷியலை மட்டும் போடக்கூடாது என்று சொல்வதைப் போன்றது இது. 1941ல் பறித்த சொத்தும் திரும்பவில்லை. அந்தச் சங்கத்தின் தலைவராக வந்தவர் பால் பாரியேர் என்ற இளைஞர், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். விஷியை எதிர்த்தவனாலேயே விஷி செய்ததை மீட்க முடியவில்லை. விடுதலைக்குப் பின் பிரான்சு தன்னை ஒன்றுபட்ட தேசமாகக் காட்டிக்கொள்ள அவசரப்பட்டது. யார் எதைப் பறித்தார்கள் என்ற கணக்கைக் கிளறுவது யாருக்கும் வசதியாக இல்லை.

பாரியேர் வேறொன்று செய்தார். இந்த ஆட்டத்துக்கு ஓர் உலகக் கோப்பை வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தி, 1954ல் பிரான்சிலேயே நடத்தினார். பதினைந்து பேர் ரக்பிக்கு அப்படி ஒன்று வாய்க்க 1987 வரை ஆயிற்று. இறுதிப் பந்தயம் நவம்பர் 13, பாரிஸ். புய்க் ஒபேர் தலைமையில் பிரான்சு, பிரிட்டனிடம் 16க்கு 12 என்று தோற்றது. அதற்குப் பிறகு அவர் காலம் மெல்லச் சரிகிறது. அந்த வருஷங்களில் சொல்லும்படியாக அதிகம் இல்லை. பின்னாளில் பிரெஞ்சு அணிக்கு வழிகாட்டிகளில் ஒருவராக இருந்தார்.

இந்தக் கதையைத் தெற்குப் பிரான்சில் சொல்கிறவர்கள் கத்தார்களைக் கொண்டுவராமல் சொல்வதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் ஏவிய சிலுவைப்படை, மதத் துரோகிகள் என்று அந்தப் பிரதேசத்தின் கத்தார்களைச் சூறையாடியது. 1209ல் கார்க்கஸோன் கோட்டை விழுந்தது. வடக்கே பாரிஸ் எப்போதும் தெற்கை ஒடுக்குகிறது, பதின்மூன்று ஆட்டக்காரர்கள் நவீன கத்தார்கள் என்று கதை போகும். எனக்கு இந்த உவமையில் நம்பிக்கை இல்லை. பதின்மூன்று பேர் ஆட்டத்தை நெரித்தவர்களில் பெரும்பாலோர் அதே தெற்கத்திக்காரர்கள். பெர்ப்பிஞானும் தூலூஸும் இரண்டு பக்கமும் இருந்தன. இது வடக்கு தெற்குச் சண்டையல்ல, பங்காளிச் சண்டை. தவிர, 1950களுக்குப் பின் இந்த ஆட்டம் பிரான்சில் சுருங்கியதற்கு முழுப்பழியையும் பெத்தேன் கையெழுத்தின் மீது போட முடியாது. தொலைக்காட்சி பதினைந்தின் பக்கம் போயிற்று, சங்கத்துக்குள் சண்டை, பணத்தட்டுப்பாடு. தியாகிப் புராணம் எழுதத் தொடங்கினால் இவை கண்ணில் படாது. நம் ஊர் இயக்கங்களின் சரித்திரங்களை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அமெச்சூர் என்ற சொல் நம்மிடம் எப்படி வந்து குடியேறியது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1959ல் ஜாக் கிரேமர் தன் தொழில்முறை டென்னிஸ் குழுவில் சேர அவருக்கு ஒன்றரை லட்சம் டாலர் தர முன்வந்தார். அன்று தொழில்முறைக்குப் போனால் விம்பிள்டன் இல்லை, டேவிஸ் கோப்பை இல்லை. கிருஷ்ணன் மறுத்தார். 1966ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனதைப் பார்த்தவர்கள், மறுத்தது நல்லதென்றே சொல்வார்கள். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. மறுக்கும் சௌகரியம் ஒரு மனிதனுக்கு இருப்பதும் இல்லாததும் அவன் நேர்மையைப் பொறுத்த விஷயம் அல்ல என்று மட்டும் சொல்கிறேன். கிட்காட் பட்டறையில் எண்ணிக்கைக் கூலி வாங்கியவனுக்கு மறுப்பதற்கு ஒன்றுமே வரவில்லை.

கபடியில் நாம் வேறொரு தந்திரம் கண்டுபிடித்தோம். நன்றாக ஆடுகிறவனுக்கு ரயில்வேயிலோ, போலீஸிலோ, வங்கியிலோ விளையாட்டுக் கோட்டாவில் உத்தியோகம். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போவான். சம்பளம் உத்தியோகத்துக்கு, ஆட்டம் சும்மா. இதற்குப் பெயர் அமெச்சூர். 1972ல் அமைந்த தேசியச் சங்கத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. கியான் ஊர்த் தொப்பி முதலாளி செய்ததற்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை. ஆனால் நடைமுறையில் பெரிய பேதம் உண்டு. தொப்பி முதலாளியின் ஆட்டக்காரன் முழங்கால் உடைந்தால் தெருவுக்கு வந்தான், ரயில்வேக்காரன் பென்ஷன் வரை இருந்தான். ஹட்டர்ஸ்ஃபீல்டில் கேட்ட ஆறு ஷில்லிங்கைவிட இது பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். விருத்தாசலம் ஒரு ரயில்வே ஜங்ஷன். பிளாட்பாரத்தில் உருண்ட தோளும் தேய்ந்த முழங்காலுமாக யாராவது பச்சைக்கொடி பிடித்து நின்றால், இவன் எந்த அணியில் எந்தப் பக்கம் பிடித்தவனோ என்று யோசிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நம் பொட்டல்காரனுக்கு அந்தக் கோட்டா கிடைக்கவில்லை. சான்றிதழ் தருகிற பந்தயங்களுக்கு அவன் போனதில்லை. போக இரண்டு நாள் கூலி வேண்டும்.

அவன் ஆடியது சடுகுடு. கபடி என்று அழைக்கப்பட்டது அதே ஆட்டத்தின் சங்கம் வைத்த வடிவம். விதிகள் மராட்டியத்தில் தொகுக்கப்பட்டு, 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸின்போது அமராவதி உடற்பயிற்சிக் கழகம் ஒன்று ஆடிக்காட்டி, பிறகு தேசம் முழுவதற்குமாக ஒரே பெயரில் நிலைத்தது. மூச்சுவிடாமல் பாடிய ஊர்ப்பாட்டுகள் போய் 'கபடி கபடி' மட்டும் வாயில் மிஞ்சியது. நம்மிடம் யாரும் எதையும் தடைசெய்யவில்லை. எந்த மார்ஷலும் கையெழுத்திடவில்லை. சான்றிதழ்கள் ஒரு பெயரில் அச்சாயின, மற்றப் பெயர் பொட்டலில் தங்கிவிட்டது. 2014ல் தொழில்முறைக் கபடி லீக் தொடங்கி, ஏலத்தில் ஆட்களுக்கு விலை கூவப்பட்டபோது, ஆட்டத்தின் சுத்தம் போய்விட்டதென்று பெரிதாக யாரும் அழுததாகத் தெரியவில்லை. அந்தப் பெரியவரும் டெலிவிஷனில் பார்த்து ரசித்திருப்பார்.

பிரான்சில் பதின்மூன்று ஆட்டம், ரக்பி என்ற சொல்லைத் தன் பெயரோடு சட்டப்படி மறுபடியும் சேர்த்துக்கொள்ள 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், ஹட்டர்ஸ்ஃபீல்டு ஹோட்டலில் அவர்கள் பிரிந்துபோய் நூறு வருஷம் நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில், பதினைந்து பேர் ரக்பியின் சர்வதேசச் சபை கூடி, ஆட்டக்காரர்களுக்கு இனிப் பணம் கொடுக்கலாம், அமெச்சூர் விதி ரத்து என்று அறிவித்தது. அந்தக் கூட்டம் நடந்த ஊர் பாரிஸ். புய்க் ஒபேர் அதற்கு முந்தைய வருஷம் ஜூன் 3 அன்று கார்க்கஸோனில் காலமாகியிருந்தார்.